முதியோரும் அவர்களைத் தாங்குவோரும்

ஒரு நாட்டில் முதியோர் தொகை பெருகும்போது திட்டமிடுவோர் முதலில் எழுப்பும் வினா, அவர்கள் எத்தனை பேர் என்பதாகும். எவ்வளவு ஓய்வூதியம், எத்தனை மருத்துவமனைப் படுக்கைகள், எத்தனை முதியோர் இல்லங்கள் என்ற வினாக்கள் அதனைத் தொடர்ந்து வருகின்றன. இவை யாவும் தேவையான வினாக்களே. ஆயினும் இவற்றுக்கு முற்பட்ட வினா ஒன்று உண்டு. ஒரு முதியவர் காலையில் எழுந்தது முதல் இரவில் உறங்கும் வரை எந்த வேலைகளைத் தாமே செய்துகொள்கிறார்? எவற்றை இன்னொருவர் செய்து கொடுக்கிறார்? அந்த இன்னொருவர் யார்?

இவ்வினாவையே தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டவர் எலேன் பிராடி (1922–2014) என்ற அமெரிக்கச் சமூகப்பணியாளர். முதியோரின் செயல்திறனை அளப்பதற்கு உலகெங்கும் இன்று கையாளப்படும் அளவுகோல்களுள் ஒன்று அவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. நம் நாட்டின் மிகப் பெரிய முதுமை ஆய்விலும் அவ்வளவுகோலின் சாயலைக் காணலாம். ஆனால் அவர் கண்டறிந்த மற்றோர் உண்மை, அதாவது முதியோரைத் தாங்குவோரும் கணக்கில் கொள்ளப்பட வேண்டியவர்கள் என்பது, அதே அளவுக்குப் பரவவில்லை. இந்தியச் சூழலில் அவர் பணியை ஆராய்வது இக்காரணத்தால் பயனுடையதாகும்.

பணியின் தொடக்கம்

நியூயார்க் நகரின் சிட்டி கல்லூரியில் பயின்ற பிராடி, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1957-இல் பிலடெல்பியா முதியோர் மையத்தில் சமூகப்பணியாளராகச் சேர்ந்தார். யூத சமூகத்தினர் தம் முதியோருக்கென நடத்தி வந்த இல்லமே இம்மையமாக வளர்ந்தது. உறைவிடம், மருத்துவம், ஆராய்ச்சி ஆகிய மூன்றும் அங்கு ஒரே வளாகத்தில் அமைந்திருந்தன. உளவியலாளர் எம். பவல் லாட்டன் 1960-களில் அங்கு வந்து ஆராய்ச்சிப் பிரிவை வளர்த்தார். பிராடி பின்னர் மையத்தின் மனித சேவைத் துறைக்கு இயக்குநரானார். 1980-இல் அமெரிக்க முதுமையியல் சங்கத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார்.

அக்காலச் சூழலையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும். அமெரிக்காவில் முதுமைக்கால ஓய்வூதியத்திற்கு அடிகோலிய சமூகக் காப்புச் சட்டம் 1935-இல் நிறைவேறியது. முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர், ஏழைகளுக்கான மருத்துவ உதவியான மெடிகெய்டு, முதிய அமெரிக்கர் சட்டம் ஆகிய மூன்றும் 1965-இல் வந்தன. அரசுப் பணம் முதியோர் துறைக்குள் பெருமளவில் பாயத் தொடங்கிய காலம் அது. அரசு பொறுப்பேற்றால் பிள்ளைகள் பெற்றோரைக் கைகழுவி விடுவார்கள் என்ற அச்சமும் அக்காலத்தில் பரவலாக இருந்தது.

விண்ணப்பங்கள் உணர்த்திய உண்மை

இல்லத்தில் இடம் கேட்டு வரும் குடும்பங்களைச் சந்திப்பது பிராடியின் அன்றாட அலுவல். பெற்றோரைப் பாரமாகக் கருதிக் கொண்டுவந்து தள்ளும் பிள்ளைகளையே அங்கு காணலாம் என்பது பொது எண்ணம். அவர் கண்டது வேறு. பெரும்பாலான குடும்பங்கள் பல ஆண்டுகள் வீட்டிலேயே பார்த்துக்கொண்டு, வேறு வழிகளை முயன்று பார்த்து, பராமரிப்பவரே நோயுற்ற நிலையிலோ, முதியவரின் மனத்திறன் முற்றும் குன்றிய நிலையிலோதான் இல்லத்தின் கதவைத் தட்டின. இல்லத்தில் சேர்ப்பது என்பது ஒரு குடும்ப நெருக்கடி. அதனை விண்ணப்பப் படிவத்தை மட்டும் கொண்டு தீர்க்க முடியாது என்பதை ஜெரால்டின் ஸ்பார்க் என்பவருடன் இணைந்து 1966-இல் எழுதிய கட்டுரையில் அவர் விளக்கினார்.

ஏறத்தாழ இக்காலத்திலேயே எத்தெல் ஷானஸ் என்ற சமூகவியலாளர் நாடு தழுவிய மாதிரி ஆய்வுகளின் வழியாக இதே முடிவுக்கு வந்தார். முதியோரில் மிகச் சிறு பகுதியினரே நிறுவனங்களில் இருந்தனர். வீட்டில் இருந்தோருக்குக் கிடைத்த உதவியின் பெரும்பகுதி குடும்பத்திடமிருந்தே வந்தது. ஒருவர் புள்ளிவிவரத்தின் வழியாகவும், மற்றவர் நேரடிப் பணியின் வழியாகவும் ஒரே உண்மையை அடைந்தது குறிப்பிடத்தக்கது.

எட்டு வினாக்கள்

உணவு உண்ணல், குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லல், படுக்கையிலிருந்து எழுந்து நகர்தல், கழிவை அடக்குதல் ஆகிய அடிப்படைச் செயல்களைக் கொண்டு முதியோரின் நிலையை மதிப்பிடும் முறையை சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1963-இல் வெளியிட்டனர். மருத்துவமனையில் இம்முறை நன்கு பயன்பட்டது. ஆனால் சமுதாயத்தில் வாழும் முதியவருக்கு இது போதாது. தாமே குளித்து, தாமே உண்ணும் ஒருவர், தனியே குடும்பம் நடத்த இயலாதவராக இருக்கக்கூடும்.

இந்த இடைவெளியை நிரப்பவே லாட்டனும் பிராடியும் 1969-இல் கருவிசார் அன்றாடச் செயல்களுக்கான அளவுகோலை வெளியிட்டனர். அதில் எட்டு இனங்கள் உள்ளன: தொலைபேசியைக் கையாளுதல், கடைக்குச் சென்று பொருள் வாங்குதல், சமைத்தல், வீட்டைப் பேணுதல், துணி துவைத்தல், வாகனத்தில் பயணம் செய்தல், மருந்தைச் சரியான அளவில் சரியான வேளையில் உட்கொள்ளுதல், பணத்தை நிர்வகித்தல். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு புள்ளி. இதனைப் பயன்படுத்த மருத்துவர் வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் சில நிமிடங்களில் மதிப்பிட்டுவிடலாம். இந்த எளிமையே அதன் பரவலுக்குக் காரணம் எனலாம்.

இந்த அளவுகோலின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். நம் ஊரில் எழுபத்தெட்டு வயதுடைய கைம்பெண் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். அவர் தாமே குளிக்கிறார், உண்கிறார், கோயிலுக்கும் சென்று வருகிறார். அடிப்படைச் செயல்களின்படி அவருக்கு எக்குறையும் இல்லை. ஆனால் இரத்த அழுத்தத்திற்கான மாத்திரை எது, சர்க்கரை நோய்க்கான மாத்திரை எது என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை. வங்கிக்குச் சென்று ஓய்வூதியத்தை எடுக்கவோ, ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்றிதழ் அளிக்கவோ துணை வேண்டும். இத்துணை ஒரு மாதம் இல்லாமற்போனால் அவர் மருத்துவமனைக்குச் செல்ல நேரிடும். காட்ஸின் அளவுகோலுக்குப் புலப்படாத இத்தேவை லாட்டன்–பிராடி அளவுகோலில் வெளிப்படுகிறது.

அளவுகோலுக்கு ஒரு வரம்பும் உண்டு. தொடக்கத்தில் ஆண்களை மதிப்பிடும்போது சமையல், வீட்டுப் பராமரிப்பு, துணி துவைத்தல் ஆகிய மூன்றும் விடப்பட்டன. ஆண்கள் வழக்கமாக அவ்வேலைகளைச் செய்வதில்லை என்பதே காரணம். இது செய்ய இயலாமைக்கும் செய்து பழகாமைக்கும் உள்ள வேறுபாட்டை நினைவூட்டுகிறது. வாழ்நாளில் வங்கிக் கணக்கையே கையாளாத மூதாட்டி ஒருவரைப் பணம் நிர்வகிக்கும் திறன் இழந்தவர் என்று பதிவது பிழையாகும். இந்தியாவில் களப்பணி செய்யும் மாணவர்கள் இதனை மனத்தில் இருத்த வேண்டும்.

மிகை இயலாமை

மனத்திறன் குன்றிய முதியோரிடையே பிராடியும் உடன் பணியாற்றியோரும் நடத்திய மற்றோர் ஆய்வு 1971-இல் வெளியாயிற்று. நோயினால் உண்மையில் ஏற்படும் இயலாமையைவிடக் கூடுதலான இயலாமை பலரிடம் காணப்படுகிறது. அதனை அவர்கள் மிகை இயலாமை என்றனர். நடக்கக் கூடியவர் நடப்பதில்லை. தாமே உண்ணக் கூடியவருக்கு ஊட்டப்படுகிறது. இவ்வாறான குறைகளை ஆள்தோறும் கண்டறிந்து, ஒவ்வொருவருக்கும் ஏற்றவாறு தனித்தனியே பயிற்சி அளித்தபோது முன்னேற்றம் காணப்பட்டது.

ஆய்வின் இரண்டாம் பகுதி நிர்வாகத்தினருக்கு மேலும் முக்கியமானது. சிறப்புப் பயிற்சி நிறுத்தப்பட்ட பின்னர் அதே முதியோர் மீண்டும் மதிப்பிடப்பட்டனர். பெற்ற முன்னேற்றம் நிலைக்கவில்லை என்பதை 1974-இல் வெளியான கட்டுரை பதிவு செய்தது. முன்னோடித் திட்டம் ஒன்றை ஓராண்டு நடத்தி, வெற்றி என்று அறிவித்து, நிதியை நிறுத்திவிடும் வழக்கம் எந்த நாட்டுக்கும் புதிதன்று. முதியோர் நலனில் தொடர்ச்சியே சேவையின் உயிர் என்பதை இம்முடிவு காட்டுகிறது.

இல்லத்துக்கும் வீட்டுக்கும் இடையே

முதியவருக்குத் தம் வீடு அல்லது நிறுவனம் என்ற இரண்டு வழிகளே இருக்க வேண்டுமா என்ற வினாவையும் மையம் ஆராய்ந்தது. அருகில் இருந்த தனி வீடுகள் சில வாங்கப்பட்டு, முதியோருக்கான சிறு குடியிருப்புகளாக மாற்றப்பட்டன. ஒவ்வொருவருக்கும் தனி அறையும் சமையல் வசதியும் உண்டு. மையத்தின் உதவி கூப்பிடு தொலைவில் இருந்தது. அக்கம்பக்கத்தில் குடும்பங்கள் வாழும் சாதாரணத் தெருவே அது.

பிராடியும் குழுவினரும் இங்கு குடியேறியவர்களை மட்டும் ஆராயவில்லை. விண்ணப்பித்து வேறிடம் சென்றவர்களையும், விண்ணப்பித்தும் பழைய வீட்டிலேயே தங்கியவர்களையும் உடன் ஒப்பிட்டனர். ஒரு திட்டத்தின் பயனை அதில் சேர்ந்தோரிடம் மட்டும் கேட்டு முடிவு செய்யலாகாது என்ற ஆராய்ச்சி நெறி இதில் அடங்கியுள்ளது. முதியோருக்கு வேண்டுவது பல படிகளைக் கொண்ட சேவைத் தொகுதி. அதில் எந்தப் படி எவருக்கு ஏற்றது என்பதை முதியவரின் விருப்பத்தையும் கேட்டே தீர்மானிக்க வேண்டும் என்பது இப்பணியின் சாரம்.

நடுவில் நிற்கும் பெண்கள்

1981-இல் வெளியான கட்டுரையில் பிராடி வழங்கிய "நடுவில் நிற்கும் பெண்கள்" என்னும் தொடர் அவர் பெயரை முதுமையியலில் நிலைபெறச் செய்தது. இதே தலைப்பில் 1990-இல் அவர் நூலும் எழுதினார். இப்பெண்கள் மூன்று வகையில் நடுவில் நிற்கின்றனர். வயதில் அவர்கள் நடுத்தரத்தினர். தலைமுறையில், மேலே முதிய பெற்றோரும் கீழே பிள்ளைகளும் உடையவர்கள். கடமைகளிலோ, தாய், மனைவி, மகள், ஊழியர் என்ற பொறுப்புகளிடையே நெருக்குண்டவர்கள். பெற்றோரைப் பேணுவது பெண்ணின் கடமை என்ற பழைய மதிப்பும், பெண் வெளியே சென்று உழைக்கலாம் என்ற புதிய மதிப்பும் ஒரே நேரத்தில் அவர்களை இழுக்கின்றன.

இக்கருத்துக்குப் பின்னால் பொருளாதார மாற்றம் ஒன்று இருந்தது. 1940-க்கும் 1979-க்கும் இடையே அமெரிக்காவில் நடுத்தர வயதுடைய மணமான பெண்களில் வேலைக்குச் செல்வோரின் விகிதம் ஏறத்தாழ ஐந்து மடங்காக உயர்ந்தது. அதே காலத்தில் நீண்ட நாள் வாழும் முதியோரின் தொகையும் பெருகியது. பராமரிப்பின் தேவை கூடிய நேரத்தில், பராமரித்து வந்தவரின் நேரம் குறைந்தது.

அதனால் பராமரிப்பு கைவிடப்பட்டதா? பாட்டி, தாய், பேத்தி என மூன்று தலைமுறைப் பெண்களின் மனப்பான்மையை ஆராய்ந்து 1983-இல் வெளியான கட்டுரை, இல்லை என்று விடையளித்தது. ஆணும் பெண்ணும் பொறுப்பைப் பகிர வேண்டும் என்ற கருத்தை ஏற்றவர்களும், முதிய பெற்றோரைப் பேணும் கடமையைக் கைவிடவில்லை. தாயைப் பராமரிக்கும் மணமான மகள்களைப் பற்றிய 1987-ஆம் ஆண்டு ஆய்வு இக்கடமையின் விலையைக் காட்டியது. வேலையில் இல்லாத மகள்களில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்று மேலானோர், தாயைப் பார்த்துக்கொள்வதற்காகவே வேலையை விட்டவர்கள். வேலையில் இருந்தோரில் ஏறத்தாழ அதே விகிதத்தினர் வேலை நேரத்தைக் குறைத்தோ, வேலையை விட்டுவிடலாமா என்று எண்ணியோ தடுமாறிக் கொண்டிருந்தனர். இழந்த ஊதியமும் இழந்த ஓய்வூதிய உரிமையும் எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இடம்பெறாத செலவினங்களாகும்.

கட்டுக்கதை ஏன் அழிவதில்லை?

இத்தனை சான்றுகள் இருந்தும், இக்காலப் பிள்ளைகள் பெற்றோரைக் கவனிப்பதில்லை, முற்காலத்தில் அப்படி இல்லை என்ற பேச்சு ஏன் ஓயவில்லை? பெற்றோர் பராமரிப்பு ஓர் இயல்பான குடும்ப அழுத்தம் என்ற பொருளில் 1985-இல் வெளியான கட்டுரையில் பிராடி இதற்கு விடை தேடினார். முற்காலத்தில் நெடிய, பிறரைச் சார்ந்த முதுமையை அடைந்தோர் மிகச் சிலர். ஆதலால் அக்காலப் பிள்ளைகள் அத்தகைய பராமரிப்பைத் தர நேர்ந்ததும் அரிது. இன்றைய மக்கள் முன்னோரைவிட நீண்ட காலம், கூடுதல் கடினமான பராமரிப்பைத் தருகின்றனர். அப்படியிருந்தும் அவர்கள் குற்ற உணர்வு கொள்கின்றனர். குழந்தைப் பருவத்தில் தாம் பெற்ற முழுமையான பராமரிப்பை அதே அளவில் பெற்றோருக்குத் திருப்பித் தர எவராலும் இயலாது. இயலாத அந்தக் கடனே குற்ற உணர்வாகிறது. அக்குற்ற உணர்வே பொற்காலம் ஒன்று இருந்ததாக நம்பச் செய்கிறது.

இதன் கொள்கை விளைவு பெரிது. பிள்ளைகள் கடமை தவறியதே சிக்கல் என்று கருதும் அரசு, கடமையை வற்புறுத்தும் சட்டத்தோடு நின்றுவிடக்கூடும். கடமையைச் செய்வோர் களைத்துப் போனதே சிக்கல் என்று உணரும் அரசு, அவர்களுக்குத் துணை நிற்கும் சேவைகளை அமைக்கும். அமெரிக்காவில் பெற்றோரைப் பேணுவதற்கு 12 வாரம் வரை ஊதியமற்ற விடுப்பை உரிமையாக்கிய சட்டம் 1993-இல் வந்தது. குடும்பப் பராமரிப்பாளருக்கான தேசிய ஆதரவுத் திட்டம் 2000-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் உருவாயிற்று.

இந்தியச் சூழல்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோர் 10.38 கோடி, இது மக்கள்தொகையில் 8.6 சதவீதம். 2036-இல் இத்தொகை ஏறத்தாழ 23 கோடியாகி, 15 சதவீதத்தை நெருங்கும் என்று அரசின் தொழில்நுட்பக் குழு 2020-இல் கணித்தது. முதியோருக்கான தேசியக் கொள்கை 1999-இல் அறிவிக்கப்பட்டது. முதியோர் உடல்நலப் பராமரிப்புக்கான தேசியத் திட்டம் 2010–11-இல் தொடங்கப்பட்டது. 70 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் வருமான வரம்பின்றி ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடு 2024-இல் விரிவாக்கப்பட்டது.

2017–18-இல் நடைபெற்ற இந்திய நெடுங்கால முதுமை ஆய்வின் முதற்சுற்றில் 45 வயதுக்கு மேற்பட்ட 72,000-க்கும் கூடுதலானோர் இடம்பெற்றனர். மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகையியல் நிறுவனம் இதனை நடத்தியது. 60 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஏதேனும் ஓர் அடிப்படைச் செயலில் இடர்ப்பாடு இருந்தது. கருவிசார் செயல்களில் ஒன்றிலேனும் இடர்ப்பட்டோர் ஏறக்குறையப் பாதிப் பேர். இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, வெளிப்பார்வைக்கு நலமாகத் தோன்றி, அன்றாடம் இன்னொருவர் துணையால் வாழ்வோரின் அளவைச் சுட்டுகிறது.

அத்துணையை அளிப்பவர் யார்? 2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒரு பகுதி விடையைத் தருகிறது. வீட்டாரை ஊதியமின்றிப் பராமரிக்கும் பணியில் ஈடுபட்டோர் பெண்களில் 27.6 சதவீதம், ஆண்களில் 14 சதவீதம். ஈடுபட்ட பெண் நாளொன்றுக்குச் சராசரி 134 நிமிடமும், ஆண் 76 நிமிடமும் செலவிட்டனர். இக்கணக்கில் குழந்தைப் பராமரிப்பும் சேர்ந்தே உள்ளது. எனினும் பராமரிப்பின் சுமை எவர் தோளில் உள்ளது என்பதில் ஐயமில்லை.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் நிறைவேறியது. மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரைப் பராமரிப்புக்குப் பொறுப்பாக்கி, தீர்ப்பாயத்தின் வழியாக மாதம் 10,000 ரூபாய்க்கு மிகாத தொகையைப் பெற அது வழிவகுத்தது. மருமகளையும் மருமகனையும் பொறுப்பாளர் பட்டியலில் சேர்க்க 2019-ஆம் ஆண்டுத் திருத்த மசோதா முன்மொழிந்தது. கைவிடப்பட்ட முதியோருக்கு இத்தகைய சட்டம் இன்றியமையாதது. ஆனால் நம் குடும்பங்களில் மாமியாரின் மாத்திரையை எடுத்துக் கொடுப்பவரும், இரவில் எழுந்து தண்ணீர் தருபவரும் பெரும்பாலும் மருமகளே. அமெரிக்காவில் மகள் நின்ற இடத்தில் இங்கு மருமகள் நிற்கிறார். அவர் பெயர் சட்ட முன்மொழிவில் கடமைக்குரியவராக இடம்பெறும்போது, நலத் திட்டங்களில் உதவிக்குரியவராகவும் இடம்பெற வேண்டுமல்லவா?

இதற்குப் பெரும் நிதி வேண்டும் என்பதில்லை. தொடக்கம் எளியதாகவே இருக்கலாம். வீடுதோறும் செல்லும் சுகாதார ஊழியரின் படிவத்தில் முதியவர் எதைச் செய்ய இயலாதிருக்கிறார் என்பதோடு, அதனை யார் செய்து கொடுக்கிறார், அவர் உடல்நலம் எப்படி, மாதத்தில் ஒரு நாளேனும் அவருக்கு மாற்று ஆள் உண்டா என்ற மூன்று வினாக்களைச் சேர்க்கலாம். பகல்நேரப் பராமரிப்பு மையங்களும், பராமரிப்பாளர் சில நாட்கள் ஓய்வு கொள்ள உதவும் குறுகிய காலத் தங்கல் வசதியும் அடுத்த படி. இதற்கு முன்மாதிரி நம் நாட்டிலேயே உண்டு. 2008-இல் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சைக்கெனக் கொள்கை வகுத்த கேரளத்தில், உள்ளாட்சி அமைப்புகளின் துணையோடு செவிலியரும் தன்னார்வலரும் படுக்கையிலுள்ளோரை வீட்டிலேயே சென்று கவனிக்கின்றனர். அங்கு நோயாளியைக் காண வரும் செவிலியர், பராமரிக்கும் பெண்ணிடமும் நலம் விசாரிக்கிறார்.

எலேன் பிராடி 2010-இல், தம் 87-ஆம் வயதில், மிக முதிர்ந்த நிலையை உள்ளிருந்து காண்பது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அரை நூற்றாண்டுக் காலம் வெளியிலிருந்து ஆராய்ந்த பருவத்தை அவர் அப்போது தாமே வாழ்ந்துகொண்டிருந்தார். ஆராய்வோரும், திட்டமிடுவோரும், இன்று தாங்கி நிற்கும் பெண்களும் ஒருநாள் தாங்கப்பட வேண்டியவர்களே. அந்நாளில் தமக்குத் துணை நிற்பவர் களைப்புறாதிருக்க வேண்டுமென்று விரும்புவோர், இன்று துணை நிற்பவர்களைக் கணக்கில் சேர்ப்பதே முறையாகும்.